ஆயா, பினாங்கு வீடு: ஊர்விட்டு ஊர் போகும் மெட்டாடேட்டா

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால் எனாமல் பாத்திரங்கள், பீங்கான் ஜாடிகள், மரத்தூண்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் சட்டம் போட்ட பழைய புகைப்படங்களும் அடுக்கிக் கிடக்கும். கழுத்து நிறைய நகையோடு ஓர் ஆச்சி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் ஒரு செட்டியார், சரிகைத் தொப்பி போட்ட ஒரு குழந்தை. யார் இவர்கள் என்று கேட்டால் கடைக்காரர், "ஒரு பெரிய வீட்டுலேருந்து வந்ததுங்க" என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அந்தப் படம் வீட்டுச் சுவரில் தொங்கிய வரைக்கும் அதற்குக் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. வீட்டில் எல்லாருக்கும் ஆளைத் தெரியும். வீட்டு வாசலைத் தாண்டிய அன்று படத்தில் இருந்தவருக்குப் பெயர் போய்விட்டது.

இணையத்தில் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அதனால்தான் இந்தத் தெருவிலிருந்து தொடங்கினேன்.

ஒரு பொருளைப் பற்றி நாம் எழுதிவைக்கும் குறிப்புக்கு மெட்டாடேட்டா என்று பெயர். தமிழில் மீத்தரவு என்றும் எழுதுகிறார்கள். புத்தகத்தின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு. புகைப்படத்தில் இருப்பவர், எடுத்த இடம். சுவடியில் எத்தனை ஏடுகள். பழைய நூலகங்களில் அட்டை இழுப்பறையைத் துழாவியவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. இப்போது புதிது என்னவென்றால், அந்தக் குறிப்பு தனியாகப் பயணம் கிளம்பிவிடுகிறது. பொருள் நம் பெட்டகத்தில் இருக்கும், ஸ்கேன் செய்த படம் நம் கணினியில் இருக்கும், குறிப்பு மட்டும் வேறெங்கோ போய் லட்சக்கணக்கான குறிப்புகளோடு வரிசையில் நிற்கும். அங்கே போய் நின்றாலும் அர்த்தம் கெடாமல் இருக்கும்படி எழுதப்பட்ட குறிப்பைத்தான் பகிரத்தக்க மெட்டாடேட்டா என்கிறார்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தவற்றில்.

கொத்தமங்கலத்தில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் பழைய படங்களை ஸ்கேன் செய்து பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். வீட்டு ஆச்சி பட்டாலையில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகச் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்துகொண்டே போனேன். ஒரு படத்தைக் கையில் வாங்கி, "இது எங்க ஆயா. பினாங்கு வீடு" என்றார். நானும் தலைப்பு என்ற இடத்தில் 'ஆயா, பினாங்கு வீடு' என்று எழுதி அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். பட்டியல் இணையத்துக்குப் போன சில மாதங்களில் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதினார். வெளிநாட்டு வீடுகளில் வேலை பார்த்த ஆயாக்களைப் பற்றி ஆய்வு செய்கிறாராம், அந்தப் படம் கிடைக்குமா என்று கேட்டார்.

நகரத்தார் வீட்டில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா. சென்னையில் ஆயா என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பெண்மணி. மாணவி மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதியவன் நான். ஆச்சியிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அமெரிக்க நூலகர்கள் இந்த மாதிரி சிக்கலுக்கு 'குதிரை மேல்' என்று ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் படத் தொகுப்பில் ஒரு படத்துக்கு 'குதிரை மேல்' என்று தலைப்பு. தொகுப்பு முழுவதும் அவரைப் பற்றியதுதானே, குதிரை மேல் இருப்பவர் அவர்தான் என்று எழுதியவர் நினைத்துக்கொண்டார். அந்தக் குறிப்பு மட்டும் தனியாக வேறொரு தேடுதளத்துக்குப் போனால் குதிரை மேல் யார், எந்தக் குதிரை, ஒன்றும் விளங்காது. நம் ஊர்த் தொகுப்புகளில் 'அறுபதாம் கல்யாணம்', 'குடமுழுக்கு', 'வாசல் நிலை' என்று கிடக்கும் தலைப்புகள் எல்லாம் இந்த ரகம்தான்.

குறிப்பு எப்படி வெளியூர் போகிறது?

குறிப்பைப் பகிர்வது ஒன்றும் கணினி காலத்துப் பழக்கம் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தான் அச்சடித்த பட்டியல் அட்டைகளை 1901 முதலே மற்ற நூலகங்களுக்கு விற்றது. ஒரே புத்தகத்துக்கு ஊர் ஊராக உட்கார்ந்து அட்டை எழுதுவானேன் என்ற கணக்கு. 1960களில் அதே நூலகத்தில் ஹென்றியட் அவ்ரம் என்பவர் அந்த அட்டையைக் கணினிக்குப் புரியும் வடிவத்தில் மாற்றினார். அதுதான் மார்க். இன்றைக்கும் நூலக மென்பொருள்கள் பெரும்பாலும் அதில்தான் பேசிக்கொள்கின்றன.

மார்க் நூலகர்களுக்கானது, கற்க நாளாகும். அதனால் யார் வேண்டுமானாலும் எழுதும்படி எளிய வடிவம் ஒன்று வேண்டும் என்று 1995-இல் ஒரு கூட்டம் கூடியது. கூடிய ஊர் டப்ளின். அயர்லாந்து டப்ளின் இல்லை, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் டப்ளின். (ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதன் தொல்லைக்கு அந்தத் தரமே சாட்சி. பின்னால் வருகிறேன்.) அங்கே பிறந்தது டப்ளின் கோர். மொத்தம் 15 புலங்கள், அதாவது குறிப்பின் கட்டங்கள்: தலைப்பு, படைத்தவர், பொருள் (எதைப் பற்றியது என்பது), விவரணை, வெளியிட்டவர், பங்களித்தவர், தேதி, வகை, வடிவம், அடையாள எண், மூலம், மொழி, தொடர்பு, இடமும் காலமும், உரிமை. எதையும் விட்டுவிடலாம், எதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். சட்டதிட்டம் அவ்வளவு தளர்வாக இருப்பதுதான் அதன் பலம், சிக்கலும் அதுதான்.

அடுத்து, குறிப்பைத் திரட்டும் வழி. ஓஏஐ-பிஎம்எச் என்று ஒரு நெறிமுறை இருக்கிறது. இப்போது புழக்கத்தில் இருக்கும் அதன் 2.0 பதிப்பு 2002-இல் வந்தது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திரட்டித் தளம் ஒன்று நம் நூலக மென்பொருளைத் தட்டி, 'உங்களிடம் இருக்கும் குறிப்புகளைக் கொடுங்கள்' என்று கேட்கும். நம் மென்பொருள் கட்டுக் கட்டாகக் கொடுக்கும். இதை அறுவடை என்றே சொல்கிறார்கள். இந்த நெறிமுறையில் குறிப்பு தருகிற எவரும் குறைந்தபட்சம் எளிய டப்ளின் கோரிலாவது தந்தாக வேண்டும். கோஹா, டிஸ்பேஸ் போன்ற இலவச மென்பொருள்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. 2008-இல் தொடங்கிய ஐரோப்பியத் தளமான யூரோப்பியானா, 2013-இல் வந்த அமெரிக்கப் பொது டிஜிட்டல் நூலகம், கரக்பூர் ஐஐடி நடத்தும் இந்தியத் தேசிய டிஜிட்டல் நூலகம் எல்லாம் இப்படிப் பல இடங்களின் குறிப்புகளை ஒரே தேடுபெட்டிக்குள் கொண்டுவருபவை.

திரட்டிக்கு உங்கள் வீட்டைத் தெரியாது. உங்கள் தளத்தின் முகப்பில் 'கொத்தமங்கலம் குடும்பப் படத் தொகுப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அந்த முகப்பு பயணம் போவதில்லை. போவது 15 புலங்களும் அவற்றில் நீங்கள் எழுதியவையும் மட்டும். ரங்கூனுக்குக் கப்பலில் அனுப்பும் பெட்டியில் விலாசம் எழுதுவது போலத்தான் எழுத வேண்டும். எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு நம் தெருவைத் தெரியும் என்று நம்பி யாரும் பாதி விலாசம் எழுதியதில்லை.

பெயர்

விலாசம் என்றதும் நினைவுக்கு வருகிறது. செட்டிநாட்டில் விலாசம் என்ற சொல்லுக்கு முகவரி என்பதோடு இன்னொரு பொருளும் உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்துக்கொள்ளும் குடும்ப, வியாபார அடையாளம். கடைக்கும் அதுதான் பெயர், வீட்டுக்கும் அதுதான் பெயர். கூடவே தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் இருக்கிறது. முத்தையா மகன் சிதம்பரம், அவர் மகன் முத்தையா, அவர் மகன் மறுபடி சிதம்பரம். கணக்குப் பேரேட்டில் 'சிதம்பரம் செட்டியார்' என்று மட்டும் இருந்தால் அது 1890இன் சிதம்பரமா 1950இன் சிதம்பரமா?

முதலெழுத்திலும் ஒரு வம்பு இருக்கிறது. காரைக்குடியில் கல்லூரிகளைக் கட்டிய அழகப்பச் செட்டியாரை (1909–1957) எல்லாருக்கும் தெரியும். அவர் பெயருக்கு முன்னால் வரும் 'ஆர்எம்' இரண்டு ஆட்களின் முதலெழுத்து இல்லை. அப்பா ராமநாதன் ஒருவருக்கே இரண்டு ஆங்கில எழுத்து. பழனியப்பனுக்குப் 'பிஎல்', அழகப்பனுக்கு 'ஏஎல்' என்று நகரத்தார் எழுதும் முறை இது. வெளியூர்ப் பட்டியல்காரர் அதை 'ஆர். எம்.' என்று பிரித்து வைத்துவிடுவார். ஒரு தளத்தில் 'ஆர்எம். அழகப்பச் செட்டியார்', இன்னொன்றில் 'ஆர். எம். அழகப்பா', மூன்றாவதில் 'வள்ளல் அழகப்பர்'. கணினிக்கு மூவரும் வேறு வேறு ஆட்கள்.

இதற்கு நூலகர்கள் கண்ட வழி, ஒரு வடிவத்தை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுவது. மற்ற வடிவங்களைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்வது. எந்த வடிவம் சரி என்று மணிக்கணக்கில் சண்டை போட வேண்டாம். ஏதோ ஒன்று, ஆனால் எப்போதும் அதே ஒன்று. பிறப்பு, இறப்பு ஆண்டு தெரிந்தால் பெயருக்குப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். தாத்தாவும் பேரனும் பிரிந்துவிடுவார்கள். பொதுவாழ்வில் இருந்தவர் என்றால் விக்கிடேட்டா என்ற பொதுத் தரவுத்தளத்திலோ, உலக நூலகங்கள் சேர்ந்து நடத்தும் வயாஃப் பெயர்ப் பட்டியலிலோ அவருக்கு ஓர் எண் இருக்கலாம். அந்த எண்ணையும் கூடவே எழுதிவிட்டால் மூன்று அழகப்பரும் ஒருவர்தான் என்று எந்த ஊர்க் கணினிக்கும் தெரிந்துவிடும். இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய பலன் வேறெந்தப் புலத்திலும் கிடைக்காது என்பது என் அனுபவம்.

இதழ்களுக்கும் இதே விதிதான். காரைக்குடியிலிருந்து வந்த 'தனவைசிய ஊழியன்' பிற்பாடு 'ஊழியன்' ஆனது. இரண்டையும் தொடர்பு என்ற புலத்தில் கட்டிவைக்காவிட்டால் ஒன்றைத் தேடுகிறவர் கண்ணில் மற்றது படாது.

இடம்

கொத்தமங்கலம் என்று மட்டும் எழுதுங்கள், வரைபடத்தில் உங்கள் படம் கேரளத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒரு கோதமங்கலம் இருக்கிறது, ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு கொத்தமங்கலம் உண்டு. பள்ளத்தூரும் ஒன்றுக்கு மேல். எனவே ஊரோடு மாவட்டம், மாநிலம், நாடு என்று சேர்த்தே எழுத வேண்டும். உள்ளூர்க்காரருக்கு இது அசட்டுத்தனமாகத் தெரியும். 'கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

பழைய தாளில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்று இருக்கும். சிவகங்கை மாவட்டம் பிரிந்தது 1985-இல்தான். செட்டிநாட்டின் இன்னொரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது, அது 1948 வரை தனிச் சமஸ்தானம். தாளில் இருப்பதை விவரணையில் அப்படியே எழுதிவிட்டு, இடத்துக்கான புலத்தில் இன்றைய பெயரைக் கொடுப்பது நல்லது. ரங்கூன் இன்று யாங்கோன், சைகோன் இன்று ஹோ சி மின் நகரம். செட்டியார் வட்டிக்கடைக் காகிதங்களில் இந்தப் பெயர்கள் இல்லாத கட்டே கிடையாது. இரண்டு பெயரையும் எழுதினால் பர்மாக்காரர் தேடினாலும் கிடைக்கும், நம்மூர்க்காரர் தேடினாலும் கிடைக்கும்.

மாணவி கடிதம் வந்தபிறகு நானும் ஆயாவின் குறிப்பைத் திருத்த உட்கார்ந்து, இடம் என்பதில் 'பினாங்கு, மலேசியா (அன்று நீரிணைக் குடியேற்றங்கள்)' என்று அழகாக எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

தேதி

என் பழைய பட்டியலில் அந்தப் படத்தின் தேதி 2023. நான் ஸ்கேன் செய்த ஆண்டு. மென்பொருள் தானாகப் போட்டது, நான் கவனிக்கவில்லை. தொடங்குகிறவர்கள் அத்தனை பேரும் செய்யும் தவறு இது. திரட்டித் தளத்தில் காலவரிசைப்படி தேடினால், பாட்டி கல்யாணப் படங்கள் எல்லாம் போன வருஷத்துப் படங்களாக வந்து நிற்கும். படம் ஒன்று, படத்தின் ஸ்கேன் இன்னொன்று. இரண்டையும் ஒரே குறிப்பில் கலந்து எழுதாதே என்று டப்ளின் கோர் வட்டாரத்தில் ஒரு கொள்கையே இருக்கிறது. நடைமுறையில் அதை முழுக்கக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. குறைந்தது தேதிப் புலத்தில் மூலப் பொருளின் தேதியை எழுதுங்கள், ஸ்கேன் செய்த நாளை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மூலத்தின் தேதி என்ன? படத்தின் பின்னால் பென்சிலில் 'தாது ௵ மாசி' என்று இருந்தது (௵ என்பது வருஷத்துக்கான பழைய குறி). தமிழ் ஆண்டுகள் 60 வருஷச் சுழற்சி. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தத் தாது 1876-77. அடுத்த தாது 1936-37, அதற்கடுத்தது 1996-97. ஆச்சியின் ஆயா முதல் தாதுவில் பிறந்தே இருக்க மாட்டார், மூன்றாம் தாதுவில் உயிரோடு இல்லை. எனவே நடுவிலுள்ளது. இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. சித்திரையில் தொடங்கும் வருஷம் என்பதால் தாது என்றதும் 1936 என்று எழுதத் தோன்றும். மாசி வரும்போது ஆங்கில ஆண்டு மாறியிருக்கும். சரியான விடை 1937, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள். மார்கழி நடு முதல் பங்குனி முடிய உள்ள தேதி எதுவானாலும் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தேதிப் புலத்தில் கணினிக்குப் புரியும்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாக எழுதுங்கள். 3-4-1937 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்கருக்கு மார்ச் நான்கு. 1937-04-03 என்று எழுதினால் குழப்பமே இல்லை, ஐஎஸ்ஓ 8601 தரம் சொல்வதும் அதுதான். உறுதியில்லாத தேதிக்கும் வழி இருக்கிறது: 2019-இல் அந்தத் தரத்தோடு சேர்ந்த விரிவாக்கத்தின்படி ஆண்டுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் ஐயம் என்று பொருள். 'தாது ௵ மாசி' என்ற மூல வாசகத்தைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். விவரணையில் இருக்கட்டும். நாளைக்கு என் கணக்கு தப்பு என்று ஒருவர் கண்டுபிடிக்கலாம்.

எக்செலில் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செலுக்கு 1900க்கு முன்னால் உலகமே கிடையாது. 1893ஆம் வருஷத்துக் கணக்கேட்டின் தேதியை அது தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், 1903ஆம் வருஷத்தைத் தேதியாக மாற்றிவிடும். அப்புறம் வரிசைப்படுத்தினால் கூத்துதான். தேதி நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவம் என்று குறித்துவிடுங்கள். சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகப் போய்விடும். ஒரு மதிய நேரம் முழுக்க நான் தட்டிய 200 வரிகள் அப்படிப் போயின.

எழுத்து

டிடிபி கடைகளில் தட்டிய பழைய பட்டியல்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்தக் கடைக் கணினியில் தமிழாகத் தெரிவது வேறெங்கு போனாலும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பகிர்வதற்கு முன்னால் யுனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும், மாற்றித் தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன.

யுனிகோடிலும் பொறிகள் உண்டு. கல்யாணப் பத்திரிகை எல்லாம் 'ஸ்ரீ' என்றுதான் தொடங்கும். இந்த எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் உருவாக்கலாம், ஶகரத்தில் தொடங்கியும் உருவாக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடும்போது ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்காது. 'கௌரி' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு வைத்திருப்பார்கள். துணைக்காலுக்குப் பதில் ரகரம் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணை, லை, னா எல்லாம் வேறு வடிவில் இருக்குமே, அதற்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். இன்றைய எழுத்தில் அடியுங்கள், வடிவம்தான் வேறு, எழுத்து ஒன்றுதான்.

தலைப்பை ஆங்கில எழுத்திலும் ஒரு முறை எழுதிவைப்பது வெளிநாட்டில் தேடுகிறவருக்கு உதவும். அதற்கு ஐஎஸ்ஓ 15919 என்று ஒரு முறை இருக்கிறது. மனம் போனபடி எழுதாமல் ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொட்டானும் கூடையும்

செட்டிநாட்டுக் கொட்டானை எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். பனையோலையில் ஆச்சிமார் பின்னி, ஓரத்தில் வண்ணத் துணியும் மணியும் வைத்து அலங்கரிப்பது. டோக்கியோவில் ஓலைப் பின்னல் பற்றித் தேடுகிற ஒருவருக்குக் 'கொட்டான்' என்ற சொல் எப்படித் தெரியும்? அதற்காகக் கொட்டானை அழித்துவிட்டுக் 'கூடை' என்று எழுதினால் ஊர்ச்சொல் போய்விடும். நான் இரண்டையும் வைக்கும் கட்சி. தலைப்பில் கொட்டான், பொருள் என்ற புலத்தில் கூடை, பனையோலை, பின்னல் வேலை என்று உலகத்துக்குத் தெரிந்த சொற்கள். அந்தப் பொதுச் சொற்களையும் மனம் போனபடி எழுதாமல், அமெரிக்காவின் கெட்டி (Getty) நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம் போன்ற ஒன்றிலிருந்து எடுத்தால் உங்கள் கூடையும் பெருவின் கூடையும் ஒரே தேடலில் வந்து நிற்கும்.

நகரத்தார் கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் இசைகுடிமானத்தை 'திருமணச் சான்றிதழ்' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். அது தப்பு, ஆனால் எழுதியவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டுமே. ஊர்ச்சொல்லுக்கு விவரணையில் ஒரு வரி விளக்கம் போதும்.

கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததில் புத்தகம், இதழ் மட்டும் இல்லை. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்குவதும் உண்டு. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். அவர் 1992-இல் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஊரைவிட்டுக் கிளம்பியும் தொகுப்பு சிதறாமல் ஒன்றாக இருப்பதும், எங்கிருந்தோ ஒருவர் தேடி அதில் ஒரு நோட்டீஸைக் கண்டுபிடிப்பதும் பட்டியல் இருப்பதால்தான் நடக்கிறது.

உரிமையும் அந்தரங்கமும்

உரிமைப் புலத்தில் 'எங்களுடையது' என்று எழுதுகிறவர்கள் உண்டு. தாள் உங்களுடையது, சரி. அதில் இருக்கும் எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை அது இருக்கும். ரைட்ஸ்ஸ்டேட்மென்ட்ஸ் என்ற தளம் 12 ஆயத்த வாசகங்களை வைத்திருக்கிறது, பொருத்தமானதை எடுத்துக்கொள்ளலாம். குறிப்பின் உரிமை வேறு. யூரோப்பியானா 2012-இல் தன்னிடமுள்ள குறிப்புகளை எல்லாம் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று சிசி0 உரிமத்தில் விட்டுவிட்டது. குறிப்பைப் பூட்டிவைத்துக்கொண்டு பகிர்வதாகச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஆனால் எல்லாவற்றையும் பகிர வேண்டியதில்லை. யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார் என்ற பேரேடு, ஜாதகக் கட்டு, சொத்துப் பாகப் பிரிவினைத் தாள்: இவற்றில் வருகிறவர்களின் பேரக் குழந்தைகள் அதே தெருவில் இருக்கிறார்கள். 'பேரேடு, 1 தொகுதி, 1920கள், பார்வைக்கு அனுமதி பெறவும்' என்ற அளவில் நிறுத்திக்கொள்வது மரியாதை.

ஆயாவின் புதிய குறிப்பு

இத்தனையும் கற்றுக்கொண்டு நான் திருத்திய குறிப்பு இது:

தலைப்பு: வீட்டு முகப்பில் நிற்கும் நகரத்தார் பெண்மணி, பினாங்கு
விவரணை: கறுப்பு வெள்ளைப் புகைப்படம். படத்தை வைத்திருக்கும் குடும்பத்தின் தாய்வழிப் பாட்டி (செட்டிநாட்டு வழக்கில் 'ஆயா'). பின்புறம் பென்சிலில் 'தாது ௵ மாசி' என்ற குறிப்பு.
பொருள்: நகரத்தார்; பெண்கள்; வீடுகள்; நகைகள்
தேதி: 1937?
வகை: நிழற்படம்
மொழி: தமிழ் (பின்புறக் குறிப்பு)
இடம்: பினாங்கு, மலேசியா (அன்று நீரிணைக் குடியேற்றங்கள்)
தொடர்பு: குடும்பப் படத் தொகுப்பு, கொத்தமங்கலம், சிவகங்கை மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா
அடையாள எண்: படம் இருக்கும் பக்கத்தின் மாறாத முகவரி
உரிமை: பதிப்புரிமை நிலை முடிவு செய்யப்படவில்லை

பழைய குறிப்பில் 'மேல வளவு, 3ஆம் பெட்டி' என்றும் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். அது எங்களுக்கு வேண்டியது, எங்கள் பட்டியலில் மட்டும் இருந்தால் போதும்.

எழுதி முடித்தபின் ஒரு பரீட்சை வைப்பேன். தொகுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம், படத்தைக் காட்டாமல் குறிப்பை மட்டும் கொடுத்து, என்ன படம் என்று சொல்லச் சொல்வேன். இந்த முறை வெளி ஆளுக்கு முன்னால் ஆச்சிக்கே வாசித்துக் காட்டினேன். தலைப்பைக் கேட்டதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பினாங்கா? எங்க ஆயா கப்பலையே பார்த்ததில்லையே தம்பி."

"நீங்கதானே ஆச்சி பினாங்கு வீடுன்னு சொன்னீங்க?"

"ஆமா. தெருக்கோடில பூட்டிக் கெடக்கே, அதுதான் பினாங்கு வீடு. அவுக பினாங்குல சம்பாதிச்சுக் கட்டுனது, அதனால அந்தப் பேரு. அங்க ஒரு விசேஷத்துக்குப் போனப்ப எடுத்த படம்."

இடத்தைக் கொத்தமங்கலம் என்று மாற்றினேன். 'பினாங்கு வீடு' என்பது அவ்வூரில் ஒரு வீட்டுக்கு வழங்கும் பெயர் என்று விவரணையில் ஒரு வரி சேர்த்தேன். அறுவடை நெறிமுறையில் ஒவ்வொரு குறிப்புக்கும் கடைசியாகத் திருத்திய நாள் ஒன்று ஒட்டியிருக்கும். திரட்டி அடுத்த முறை வரும்போது, போன தடவைக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போகும். சேமி என்ற பொத்தானை அழுத்தியதும் அந்த நாள் மாறியது. ஆச்சி அதற்குள் அடுத்த படத்தைக் கையில் எடுத்துவிட்டார். "இது எங்க அப்பச்சி. பக்கத்துல நிக்கிறது யாருன்னு இரு, யோசிச்சுச் சொல்றேன்."